இரும்பு ஏறாத உடம்பு

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. சித்தூரிலுள்ள ஒரு பங்கு ஆலயத்தில் காலைத் திருப்பலி முடிந்ததும், பலமனேர் சாலையில் இயங்கிவரும் வியாகுல மாதா குடிலுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அன்று குடிலில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் தூதம்மா அந்தப் பூட்டைப் பார்த்தாள்.

மாந்தோப்புக்கு நடுவே தகரக் கொட்டகை, அதன் கோடியில் சிமென்ட்டில் குகை மாதிரி கட்டிய கெபி, கெபிக்குள் நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த மாதா. தவக்காலம் என்பதால் சிலையை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். கெபிக்கு முன்னால் ஆளுயரக் கம்பிக் கதவு. கதவு முழுக்கப் பூட்டுகள் தேன்கூடுபோல் அடர்ந்து தொங்கின. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுவென்று ஓர் ஒலி எழும். நெருங்கி நின்று கேட்டால் பல்லைக் கடிப்பதுபோல் இருக்கும்.

அநியாயம் நடந்தவர்கள் கொண்டுவந்து மாட்டிய பூட்டுகள் அவை. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட கொழுந்தன் மேல் ஒன்று. பெண்ணைப் பாதியில் விட்டுப்போன மாப்பிள்ளை மேல் ஒன்று. யார் மேல் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெயரை மனசுக்குள் சொல்லிப் பூட்டி, பூட்டிலும் சாவியிலும் நீல ரிப்பன் கட்டி, சாவியை மாதாவின் காலடியிலுள்ள மண்பானையில் போட வேண்டும். நியாயம் கிடைத்ததும் மாட்டியவரே வந்து திறக்க வேண்டும். வேறு யாரும் திறக்கவோ உடைக்கவோ கூடாது. பூட்டு திறக்கும்வரை மாதா அந்த ஆளை விடமாட்டாள். இந்தச் சட்டங்களெல்லாம் தூதம்மாவின் வாய்வழியாக வந்தவை. கதவில் தொங்கிய முதல் பூட்டும் அவளுடையதுதான். அது அவளுடைய காட்சியைக் கேட்டுச் சிரித்த பங்குச் சாமியார் மேல் போட்டது.

அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அமலோற்பவம். மாதாவின் தூதைச் சொல்பவள் என்று ஜனங்கள் வைத்த பெயர்தான் தூதம்மா. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தபோது, ஆவிக்குள் மாதா நின்று பேசினாள் என்று அவள் சொன்னதிலிருந்து எல்லாம் தொடங்கியது. ஆவிக்குள் ஏதோ ஒன்று நின்றது உண்மை. அது பேசியதா என்பதை அவள் பிறகு யோசிக்கவில்லை.

இந்தப் பூட்டில் ரிப்பன் இல்லை. கதவின் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து மாட்டியதுபோல் தொங்கியது. ஹாஸ்டல் பிள்ளைகளின் தகரப் பெட்டியில் போடுவார்களே, அந்த மாதிரிப் பூட்டு. துரு தின்று விளிம்பெல்லாம் பிசிறடித்திருந்தது. மார்ச் வெயிலில் மற்றப் பூட்டுகள் தொட முடியாமல் சுட்டன. இது மட்டும் மண்ணுக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது. தூதம்மா அதைப் பிடித்து இழுத்தாள். பெருவிரலின் அடியில் சுருக்கென்றது. ஒரு பொட்டு ரத்தம். விரலை வாயில் வைத்துச் சப்பினாள். நாக்கில் துருவின் ருசி. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ற பிறகும் அது போகவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பூட்டு இடுப்பு உயரத்தில் தொங்கியது.

அவள் தம்பி இன்னாசியைக் கூப்பிட்டாள். குடிலின் வேன், மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு.

"இது போன வாரம் கீழ இருந்துச்சு இன்னாசி."

"எதச் சொல்றக்கா?"

"இதுதான். ரிப்பன் இல்லாதது."

"இத்தினி பூட்டுல எது மேல இருந்துச்சு, எது கீழ இருந்துச்சுன்னு நானு பாத்துக்கினு இருக்க முடியுமா? ரிப்பன் அறுந்து உழுந்திருக்கும்."

"ஆக்ஸா பிளேடு எடுத்துக்கினு வா. அறுத்துப் போட்டுரு."

இன்னாசி சிரித்தான். "உடைக்கக் கூடாதுன்றது உன் சட்டம்க்கா. மைக்குல கத்துனது நானு. எவனாவது பாத்தான்னா ஃபோன்ல புடிச்சு சித்தூர் பூரா உட்ருவான்."

மதியம், ஆளில்லாத நேரம். வெயிலில் தகரம் முறுக்கிக்கொண்டு டக்டக்கென்றது. மாம்பிஞ்சு வாசனையும் எரிந்துபோன மெழுகின் வாசனையும் கொட்டகைக்குள் தேங்கிக் கிடந்தன. இன்னாசி பிளேடை வைத்து இழுத்தான். நான்கைந்து இழுப்பில் பிளேடு ஒடிந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"அது என் பூட்டும்மா."

பின்னால் கிருபாவதி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குடிலைப் பெருக்குவதும் பூக் கட்டுவதும் அவள்தான். சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பம். அவள் வம்சத்தில் யாரும் சிலை முன்னால் தலை குனிந்ததில்லை. புருஷன் ஞானசிங் குடியை விட வேண்டுமென்று ஒருநாள் இங்கே வந்தாள். பொம்மை கும்பிடப் போய்விட்டாள் என்று சபையார் சிரித்தார்கள். அவள் திரும்பிப் போகவில்லை. போன வருஷம் மகள் செத்த பிறகும் போகவில்லை. அதைப் பக்தி என்றுதான் தூதம்மா நினைத்திருந்தாள்.

"உன்னுதா? சாவி எங்க கிருபாவதி? பானையில காணமே."

"பத்திரமான எடத்துல கீதும்மா."

"பானையிலதான போடணும்?"

"போட முடியலம்மா."

"யார் மேல போட்ட?"

கிருபாவதி நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாத, தூங்கி எழுந்ததுபோன்ற முகம். "யார் மேலன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

பிறகு குனிந்து பெருக்கத் தொடங்கினாள். சர்க், சர்க் என்ற அந்தச் சத்தம் தூதம்மா வீட்டு வாசல் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் கேட்டது.

குடிலுக்குப் பக்கத்திலேயே வீடு. அன்று சாயங்காலம் சமையலறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இன்னாசி வந்து தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. பீரோ திறக்கவில்லை. ஊறுகாய் ஜாடியின் மூடி திருகிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வெயிலுக்கு மரம் உப்பும், துரு பிடிக்கும், எண்ணெய் இறுகும். ஆனால் ஒவ்வொன்றும் மூடிக்கொள்ளும் முன் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கிளிக். தகரப் பெட்டியைப் பூட்டிவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பும் பெண் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாளே, அப்படிப்பட்ட சத்தம்.

அபிகாயில், கிருபாவதியின் மகள். எட்டாம் வகுப்பு. போன வருஷம் லீவுக்கு வந்திருந்தபோது மாம்பழக் கூடைப் பலகையின் ஆணி காலில் ஏறிவிட்டது. கிருபாவதி பெண்ணை நடத்திக் கூட்டிக்கொண்டு நேராகக் குடிலுக்கு வந்தாள். "அம்மா, ஒரே ஒரு ஊசி மட்டும் போட்டுக்கினு வந்துரட்டுங்களா?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள்.

சாமியாரோடு சண்டை முற்றியிருந்த காலம் அது. பங்குக் கன்னியாஸ்திரிகளின் மருந்தகத்துக்குக் குடில்காரர்கள் யாரும் போகக் கூடாது என்பதற்காகத் தூதம்மா ஒரு செய்தி சொல்லியிருந்தாள். 'என் நெஞ்சில் ஏழு வாள் போதும். இனி என் பிள்ளைகள் உடம்பில் இரும்பு ஏற வேண்டாம்.' இரும்பு ஏறாத உடம்பு என்று சொல்லும்போது கூட்டத்துக்குச் சிலிர்க்கும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை மாற்ற முடியாது. அபிகாயிலின் காலில் தூதம்மா மாதாவின் எண்ணெயைத் தடவி அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாய் திறக்கவில்லை. இதே கம்பிக் கதவுக்கு முன்னால் பாயில் கிடத்தினார்கள். சுற்றி நின்று துதி பாடினார்கள். ஒவ்வொரு கைத்தட்டலுக்கும் பெண்ணின் உடம்பு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்மண்டையும் மட்டும் தரையில் பட நின்றது. முகத்தில் பல் தெரிய ஒரு சிரிப்பு. இன்னாசி மைக்கில் சொன்னான்: "பாருங்க, பிள்ளை மாதாவைப் பாத்து சிரிக்குது." ஜனங்கள் ஆனந்தத்தில் அழுதார்கள்.

தூதம்மா ஒரேயொரு முறை குனிந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். அந்தக் கண்கள் எந்த மாதாவையும் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாயிலிருந்து ஒரு சொல் வருமா என்று. அவள் நிமிர்ந்து, துதியை இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனபோது தாடை பாதியில் நின்றது.

வலி இல்லை. காதுக்குக் கீழே யாரோ இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு விரல் அகலம். அதற்கு மேல் இல்லை. பெருவிரல் அடியில் காயம் எப்போதோ ஆறியிருந்தது. ஒரு கறுத்த கோடுதான் மிச்சம். தூதம்மா அதை நெடுநேரம் பார்த்தாள். இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அடுத்து என்ன வரும், எந்த வரிசையில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சித்தூரில் டாக்டரிடம் போக முடியாது. தெருவுக்குத் தெரு அவளைத் தெரிந்தவர்கள். வேலூரிலும் குடில்காரர்கள் உண்டு. திருச்சானூரில் யார் இருக்கப் போகிறார்கள்? பத்மாவதித் தாயார் கோயிலைச் சுற்றி லாட்ஜும் கடையும், தினம் வந்து தினம் போகிற ஜனமும். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு, கிளிப்பச்சையில் ஒரு பழைய புடவையைக் கட்டினாள். ஜெபமாலையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நெற்றியில் ஒரு பெரிய பொட்டு வைத்துக்கொண்டாள். ஒரு வேண்டுதல் என்று இன்னாசியிடம் சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் மொட்டையடித்த ஒரு குடும்பத்தோடு இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, பல வருஷத்தில் முதல்முறையாக யாரும் அவளைப் பார்த்துக் கைகூப்பவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

லாட்ஜ் ஒன்றின் மாடியில் கிளினிக். ஸ்பிரிட் வாசனை. ஊசிமருந்துக் குப்பி உடைக்கும் சத்தம். அந்த வாசனைக்கும் சத்தத்துக்கும் எதிராக எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறாள். இப்போது மூக்கு அதை ஆசையாக இழுத்தது. நர்ஸ் பெண் தெலுங்கில் என்ன உடம்புக்கு என்று கேட்டாள். தூதம்மா பெருவிரலைக் காட்டி, தாடையைத் தொட்டுக் காட்டினாள். நர்ஸின் முகம் மாறியது.

"இரும்பு குத்திச்சா? இங்கயே உக்காருங்கம்மா. டாக்டர் உள்ள இருக்காரு. உங்களத்தான் முதல்ல அனுப்பறேன்."

உள்ளே போக இன்னும் ஓர் ஆள்தான். அப்போது பெஞ்சின் மறு கோடியிலிருந்து ஒரு கேவல் கேட்டது.

"தல்லி!"

பலமனேர் சென்னம்மா. காய்கறி மண்டியில் கூடை தூக்குகிறவள், குடிலுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவள். கணுக்காலில் சுற்றிய துணி நனைந்து நாறியது. கீழே விழுந்து தூதம்மாவின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள்.

"தப்பு அயிபோயிந்தி தல்லி! தப்பாப் போச்சு தாயே! ஊசி போட்டுக்கல, சத்தியமா இன்னும் போட்டுக்கல! சக்கரப் புண்ணு ஆறவே மாட்டேங்குது. பொண்ணு இங்க லாட்ஜில வேல செய்றா, அவதான் இஸ்துக்கினு வந்தா. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சனே! மாதாவுக்குத் தெரிஞ்சுபோச்சே! என்னப் புடிக்க உங்கள இம்மாந்தூரம் அனுப்பிச்சாளே!"

பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். சென்னம்மா நிமிர்ந்து பொட்டையும் பச்சைப் புடவையையும் கண்டாள். அவள் முகம் வியப்பில் விரிந்தது. "இந்தப் பாவிக்காக வேஷம் கட்டிக்கினு வந்தீங்களா தல்லி?"

ஒரு சொல் போதும். நானும் அதுக்குத்தான் வந்தேன். வாய் ஒரு விரல் அகலம் திறக்கும். அந்தச் சொல் வெளியே வர அது தாராளம். தூதம்மா அந்தச் சொல்லை நாக்கின் நுனி வரைக்கும் கொண்டுவந்தாள். சென்னம்மாவின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

உள்கதவு திறந்தது. "அந்தப் பச்சைப் புடவை அம்மா, வாங்க," என்றாள் நர்ஸ்.

தூதம்மா கையை நீட்டி சென்னம்மாவின் தலைமேல் வைத்தாள். நர்ஸைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இரண்டு பேரும் படி இறங்கினார்கள். சென்னம்மா நொண்டிக்கொண்டே, அழுதுகொண்டே, ஃபோனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் ஏறும்வரை கையை விடவில்லை. சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பொழுது சாய்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைத் தூதம்மா பார்த்தாள். அது லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை கழுத்து இறுகியது. வியாழக்கிழமை முதுகு. இன்னாசி டம்ளரைக் கீழே வைத்தால் அந்தச் சத்தத்துக்கு உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டியது. அறையை இருட்டாக்கிப் படுத்துக் கிடந்தாள். அவன் கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஆசுபத்திரிக்குப் போலாம். நாளைக்குத் திருநாளு முடியட்டும், ராவோட ராவா வேன்ல இட்டுக்கினு போறேன். எவனுக்கும் தெரியாது."

அவள் கண்ணால் சரி என்றாள். நாளை முடிந்ததும். கூட்டம் கலைந்ததும். ஒரே ஒரு நாள்.

இருட்டில் எங்கோ பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. கிளிக். யாரோ ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள்.

மார்ச் 22, வெள்ளிக்கிழமை. குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி, வியாகுல மாதா திருநாள். திருச்சானூர்க் கதை அதற்குள் மூன்று தாலுகா சுற்றி வந்திருந்தது. தோப்பு நிரம்பிச் சாலை வரைக்கும் ஜனம் நின்றது. இன்னாசி அக்காவைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தான். சும்மா நின்று கையை உயர்த்திவிட்டுப் போய்விடலாம் என்று ஏற்பாடு. நூறு நூறு செருப்புகள், மல்லிகை, வேர்வை, மெழுகுப் புகை. கம்பிக் கதவின் முன்னால் வந்து நின்றாள். ரிப்பன் இல்லாத அந்தப் பூட்டு அவள் வாய்க்கு நேராகத் தொங்கியது.

கிருபாவதி முதல் வரிசையில் இருந்தாள். அவள்தான் முதலில் கையைத் தட்டினாள்.

ஒரே தட்டு.

தூதம்மாவின் முதுகு வளைந்தது. தரை மேலே வந்தது. பின்மண்டை சிமென்ட்டில் பட்டது. வலி ஒரு கம்பியாக உச்சியிலிருந்து குதிகால்வரை ஓடி இழுத்துக் கட்டியது. பல் பல்லோடு பூட்டிக்கொண்டது. உதடு இரண்டு பக்கமும் விலகியது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மயக்கம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"வண்டி எட்றா! வேலூருக்குப் போணும்!" இன்னாசியின் குரல்.

"தொடாதீங்க!" கிருபாவதியின் குரல். அந்தக் குரல் இவ்வளவு பெரிசு என்று யாருக்கும் தெரியாது. "அம்மா தரிசனத்துல இருக்கறாங்க. தரிசனத்துல இருக்கும்போது யாரும் என்னத் தொடக் கூடாது, வைத்தியர்கிட்ட தூக்கிக்கினு போகக் கூடாதுன்னு அம்மா எத்தினி வாட்டி சொல்லிக்கீறாங்க!"

"இது தரிசனம் இல்லமா, அக்காவுக்கு உடம்பு சரியில்ல..."

"இன்னா பேசறீங்க நைனா?" சென்னம்மா நொண்டியபடி வந்து வேனுக்குக் குறுக்கே நின்றாள். "எனக்கு ஊசி ஏறக் கூடாதுன்னு திருச்சானூரு வரைக்கும் வந்த தாயி! அந்த ஒடம்புல நீங்க ஊசி ஏத்தப் போறீங்களா?"

வேனைச் சுற்றி ஜனம் மூடிக்கொண்டது. யாரோ இன்னாசியின் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவன் அக்காவைப் பார்த்தான். ஜனத்தைப் பார்த்தான். அவன் மைக்கை வாய்க்கு நேராக உயர்த்துவது தூதம்மாவுக்குத் தெரிந்தது. சொல்லாதே. இன்னாசி. அதை மட்டும் சொல்லாதே.

"பாருங்க," என்றது ஒலிபெருக்கி. "அம்மா... மாதாவைப் பாத்து சிரிக்கறாங்க."

தோப்பே கைத்தட்டியது.

வில்லாக. மறுபடியும். மறுபடியும்.

பெண்கள் நான்கு பேர் அவளைப் பூப்போலத் தூக்கினார்கள். சிலையின் மேலிருந்த ஊதாத் துணியை எடுத்து விரித்து, கெபிக்குள் மாதாவின் காலடியில் கிடத்தினார்கள். மண்பானை தலைமாட்டில். கதவு சாத்தப்பட்டது. கிருபாவதி மட்டும் கம்பிக்கு மிக அருகில் வந்து குனிந்தாள். அந்தத் துருப்பிடித்த பூட்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. பூட்டின் வாய் திறந்திருந்தது.

"சாவி எங்கன்னு கேட்டீங்களேம்மா," என்றாள், தூதம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அடக்கத்தன்னிக்கு அபி கையில வெச்சுத்தான் பெட்டிய மூடனோம். ஹாஸ்டலுக்குப் போறப்ப சாவியக் கையிலயே வெச்சிக்கினு தூங்குவா. தொலஞ்சிடும்னு பயம். இப்ப அவதான் வந்து தெறந்து குடுத்தா."

தாழ்ப்பாளில் பூட்டைக் கோத்தாள். கிளிக். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

துதி தொடங்கியது. கண் மட்டும் அசைந்தது. கண்ணால் தூதம்மா கம்பிக்கு வெளியே தேடினாள். ஒரு முகம். புரிந்துகொள்கிற ஒரே ஒரு முகம். அழுகிற முகங்கள். வியக்கிற முகங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற முகங்கள். எல்லாம் அவள் வாயைப் பார்த்தன.

ஒன்று மட்டும் அவள் கண்ணைப் பார்த்தது.

இரண்டாம் வரிசையில், பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே. வெள்ளைப் பாவாடை. பாவாடையில் ஈர மண். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல். பல் தெரியச் சிரித்த வாய். அது மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. விரலில் ஒரு சின்னச் சாவி கோத்திருந்தது.

சாவி இருக்கிறது. அங்கே. எட்டும் தூரத்தில். தூதம்மாவின் கண்கள் கெஞ்சின.

பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். கம்பிக்கு அருகில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். குனிந்து, அவள் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்து, இரண்டு கையையும் அகல விரித்து, எல்லாரோடும் சேர்ந்து தட்டத் தொடங்கினாள்.

அன்று மாலை, துதி குருத்து ஞாயிறுவரை இடைவிடாமல் நடக்கும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. வெளியூர்க்காரர்களுக்குக் கொட்டகையிலேயே சாப்பாடு போடப்பட்டது. சனிக்கிழமை மதியத்துக்குள் கம்பிக் கதவில் பூட்டு மாட்ட இடமில்லாமல் போனதால், பக்கவாட்டில் இன்னொரு கதவு வைப்பதற்கு அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.